கடல் திரும்பிப் போகும் அத்தியாயம்

அந்தக் கடல் இன்னும் எங்கள் ஊரில் படுத்துக் கிடப்பதற்கு நீங்கள்தான் காரணம். மழை காரணமில்லை, நிலநடுக்கம் காரணமில்லை, டி.வி.யில் ஒருவர் கோடு போட்டுக் காட்டினாரே அந்தப் பூமித் தட்டும் காரணமில்லை, ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு என் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தை நறுக்கி எறிந்தீர்களே, அந்தக் கைதான் காரணம். பதிப்பாளரே, உங்கள் பேரை இங்கே எழுத மாட்டேன், எழுதினால் அதுவும் உங்களுக்கு விளம்பரமாகிவிடும். சிறுவர் இதழ்க்காரர்கள் 'உங்கள் முதல் நாவல் அச்சான அனுபவத்தை எழுதிக் கொடுங்கள், புதிதாக எழுத வருகிறவர்களுக்கு உதவும்' என்று கேட்டிருக்கிறார்கள். உதவட்டும். நடந்ததை நடந்தபடி, கோபப்படாமல் சொல்லப் பார்க்கிறேன். முடியாத இடத்தில் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். நீங்கள் பொறுத்தால் என்ன, பொறுக்காவிட்டால் என்ன.

நான் மயிலாத்தாள். கரட்டூர் ஆட்டுச் சந்தையில் தரகு பார்க்கிறவள். விற்க வந்தவருக்கும் வாங்க வந்தவருக்கும் நடுவில் நின்று, ஒரு துண்டை விரித்து, அதற்குள் கையை விட்டு, விரலைப் பிடித்தும் மடக்கியும் இழுத்தும் விலை பேசுவது என் தொழில். சுற்றி நிற்கிறவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும். உள்ளே ஒருவர் விரலை ஒருவர் இறுக்கிப் பிடித்துவிட்டால் பேச்சு முடிந்தது, அதற்குப் பிறகு எவன் வந்து கூடக் கேட்டாலும் அந்த ஆடு கை மாறாது. மாற்றிப் பேசியவனை எங்கள் சந்தையில் யாரும் அடிக்க மாட்டார்கள், வைய மாட்டார்கள். அவன் துண்டை நீட்டினால் அதற்குள் கை விட ஆள் இருக்காது, அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வெயில் முழுக்கச் சந்தை ஓரத்தில் நின்றுவிட்டு, கொண்டுவந்த ஆட்டையே திரும்ப ஓட்டிக்கொண்டு போவார்கள்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்து, கயிறு பிடிக்கிற வேலையில் தொடங்கி, 'பொட்டச்சிக்கு எதுக்குத் தரகு' என்று சொன்ன வாய்களையெல்லாம் ஒவ்வொன்றாக மூடி நான் இந்த இடத்துக்கு வந்ததைத் தனியாக எழுத வேண்டும். இங்கே கதை எழுத வந்ததை மட்டும் சொல்கிறேன். ஆடு விற்க வருகிற குடும்பத்தோடு குழந்தைகளும் வரும், வளர்த்த குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழும், அந்த அழுகையைப் பார்த்தால் வாங்க வந்தவர் நழுவிவிடுவார். அழுகையை நிறுத்தினால்தான் தரகு நடக்கும் என்பதால் கதை சொன்னேன். கொம்பில் விளக்கு எரியும் கிடா, மேகத்தை மேயும் செம்மறி என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல, விற்றுவிட்டுப் போன குழந்தைகள் அடுத்த சந்தைக்கு ஆடே இல்லாமல் கதைக்காக வந்து நின்றன. பிறகு சந்தை இல்லாத நாட்களில் உட்கார்ந்து எழுதினேன். அப்படி எழுதியதுதான் 'மேய்ச்சலுக்கு வந்த கடல்'.

கதை இதுதான். மாராயி என்று ஒரு சிறுமி. அவள் ஊரில் மழை இல்லை, காடு என்று நாங்கள் சொல்கிற விதைப்பு நிலமெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. எங்கள் பக்கத்தில் காட்டுக்கு உரம் வேண்டுமென்றால் ஆட்டுப் பட்டியைக் கூப்பிட்டுக் கிடை போடச் சொல்வார்கள். ஆடுகள் வந்து அந்தக் காட்டில் படுத்திருந்துவிட்டுத் திரும்பிப் போகும். மாராயி கடற்கரைக்கு நடந்து போய், ஓர் அலையின் மேல் துண்டை விரித்து, கையை உள்ளே விட்டுக் கடலிடம் விலை பேசுகிறாள்: பள்ளிக்கூட விடுமுறை முடியும்வரை எங்கள் காட்டில் கிடை போடு, முடிந்ததும் நானே கூட்டிக்கொண்டு வந்து விடுகிறேன். கடல் அவள் விரலை இறுக்கிப் பிடிக்கிறது. அவள் சீழ்க்கை அடித்துக்கொண்டு முன்னால் நடக்க, கடல் பின்னால் வருகிறது. கடைசி அத்தியாயத்தில், விடுமுறை முடிந்த காலையில், அழுதுகொண்டே அதைத் திரும்ப ஓட்டிக்கொண்டு போய் அதன் கரையில் விட்டுவிட்டு வருகிறாள்.

இதை ரெக்சின் பையில் போட்டுக்கொண்டு சென்னைக்குப் போனேன். ஒருவர் நீதி எங்கே என்று கேட்டார், ஒருவர் உங்கள் ஊர்ப் பேச்சை எடுத்துவிட்டுக் கொண்டுவாருங்கள் என்றார், ஒருவர் என் புடவையைப் பார்த்துவிட்டு 'யார் எழுதியது, உங்கள் மகளா?' என்றார். அவர் மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டை எடுத்து நான் என்ன செய்தேன் என்பது அவருக்கும் அவர் ஜன்னலுக்கும் தெரியும். கடைசியில் உங்களிடம் வந்தேன். டீ வாங்கிக் கொடுத்தீர்கள், உட்காரச் சொன்னீர்கள், நான் எழுதியதைப் படித்தும் இருந்தீர்கள். அதை நான் மறுக்கவில்லை. நான் உங்கள் கண்ணாடி மேசையில் துண்டை விரித்தேன்.

"என்னம்மா இது?"

"கைய உள்ள விடுங்க சார்."

நீங்கள் சிரித்தீர்கள், பக்கத்து அறை ஆட்களைக் கூப்பிட்டுப் போட்டோ எடுக்கச் சொன்னீர்கள், அப்புறம் கையை விட்டீர்கள். மெத்தென்ற கை.

"ஒரு பக்கம் குறையப்படாது, ஒரு பக்கம் கூடப்படாது. சம்மதம்னா புடிங்க."

பிடித்தீர்கள். இறுக்கியே பிடித்தீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் நீட்டிய காகிதத்தில், உங்களைத் தவிர வேறு யாரும் இந்தப் புத்தகத்தை அச்சிடக் கூடாது என்று எழுதியிருந்த காகிதத்தில், நான் கையெழுத்துப் போட்டேன். விரல் பிடித்தவரோடு காகிதத்தில் என்ன சண்டை?

புத்தகத்தைப் பதினாறு பக்கம் பதினாறு பக்கமாக ஒரு ஃபாரம் என்று கணக்கிட்டு அச்சடிப்பீர்களாம். என் கடைசி அத்தியாயம் ஒரு ஃபாரத்தைத் தாண்டி அடுத்ததற்குள் எட்டிப் பார்த்ததாம். போனில் சொன்னீர்கள், கூடாது என்றேன், சரிம்மா பார்த்துக்கொள்கிறேன் என்றீர்கள். பார்த்துக்கொண்டீர்கள். மொத்த அத்தியாயத்தையும் எடுத்துவிட்டு, மீதமிருந்த இடத்தில் உங்கள் கையால் ஒரு வரி எழுதிச் சேர்த்தீர்கள்: 'அன்றிலிருந்து கடல் அங்கேயே சந்தோஷமாக வாழ்ந்தது.'

இது எனக்குத் தெரியாது. வெளியீட்டுக்கு நீங்கள் வரவில்லை, கட்டுகள் மட்டும் பார்சல் லாரியில் வந்தன. பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியிருந்தது. ஆட்டுச் சந்தையிலேயே, தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே, ஆடு விற்க வந்தவர்களும் வாங்க வந்தவர்களும் நிற்க, குழந்தைகள் புழுக்கை பெருக்கிய தரையில் உட்கார, நான் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். மாராயி கடலை ஓட்டிக்கொண்டு ஊர்க் கரட்டை, அந்தக் கல் குன்றை, சுற்றி வருகிற பக்கத்துக்கு வந்தபோது, கரட்டுக்குப் பின்னாலிருந்து பெரிய பட்டி ஒன்று நடந்து வருகிற சத்தம் கேட்டது, சந்தையிலிருந்த ஆடுகளெல்லாம் ஒரே பக்கமாகத் தலையைத் திருப்பின, வெயிலில் மீன் வாடை வந்தது, பிறகு முன்னால் நுரையும் பின்னால் நீலமுமாக, அவசரப்படாமல், வழியிலிருந்த கிளுவை வேலியை மிதிக்காமல் தாண்டி, கடல் வந்து நாச்சிமுத்துவின் மானாவாரிக் காட்டில் காலை மடக்கிப் படுத்தது.

யாரும் ஓடவில்லை. "வாசிக்கறப்பவே வந்திருச்சு பாருங்க" என்றார் டீக்கடைக்காரர், பஸ் வந்துவிட்டது என்று சொல்வதுபோல. காட்டுக்காரர் நாச்சிமுத்து வீட்டுக்குப் போய் ஒரு கூடை சோளத்தோடு வந்தார், கிடை போட்டவர்களுக்குத் தவசம் கொடுக்காமல் இருப்பது மரியாதை இல்லை என்று சொல்லிக் கரையில் கொட்டினார். கடல் நாக்கை நீட்டி அதை வழித்துக்கொண்டது. நான் பக்கத்தைத் திருப்பினேன். உங்கள் வரி இருந்தது. அதற்கு அடுத்தது பின்னட்டை. குழந்தைகள் கை தட்டின.

மனிதர்கள் எதையும் பழகிக்கொள்வார்கள், எங்கள் ஊர்க்காரர்கள் கொஞ்சம் சீக்கிரமாகவே பழகிக்கொள்வார்கள். டீக்கடை பெஞ்சு திசை மாறியது. கண்டக்டர்கள் 'கடக்கரையெல்லாம் எறங்கு' என்று கத்தத் தொடங்கினார்கள். பத்திரப்பதிவு ஆபீஸில் கடல் இருக்கும் இடம் காடா, புறம்போக்கா, நீர்நிலையா என்று வாதம் நடந்து, கடைசியில் 'தற்காலிகம்' என்று பென்சிலால் எழுதினார்கள். எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்தது கிணற்று நீச்சல்தான் என்பதால், மேலிருந்து குதிக்க ஒரு திட்டு வேண்டும், ஏறி வரப் படி வேண்டும் என்று கேட்டார்கள், பேரூராட்சியும் கடலுக்குள் கல் படி கட்டிக் கொடுத்தது. அலைகள் வந்து, விருந்துக்குப் போன வீட்டில் பேர் தெரியாத பலகாரத்தைப் பார்த்ததுபோல், மரியாதைக்கு அந்தப் படியைத் தொட்டுவிட்டுப் போயின. பக்கத்துக் காடுகளுக்குள் புகுந்துவிடாமல் சுற்றி வரப்புப் போட்டார்கள். கல்யாணத் தரகர்கள் 'கடல் பாத்த வீடு' என்று பெண் பேசினார்கள். ஆடுகள் கரையில் வரிசையாக நின்று ஈரக் கல்லை நக்கின, நக்கிய ஆடுகளுக்கு மயிர் மினுமினுத்தது, மினுமினுத்த ஆடுகளைத் தேடி எங்கெங்கிருந்தோ வியாபாரிகள் வந்தார்கள். என் தரகும் நன்றாக நடந்தது. அதையும் மறைக்க மாட்டேன்.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த காலையில் கடல் எழுந்து நின்றது. நான் பார்த்தேன். எழுந்து, ஈரத்தை உதறிக்கொண்டு, கரட்டோரப் பாதையைப் பார்த்து நின்றது. மாராயி வந்து சீழ்க்கை அடிப்பாள் என்று காத்திருந்தது. மாராயி எங்கிருந்து வருவாள்? அவளைத்தான் நீங்கள் அந்தச் சந்தோஷ வரிக்குள் படுக்க வைத்துவிட்டீர்களே. வெயில் ஏறியதும் கடல் மறுபடி படுத்துக்கொண்டது. மறுநாள் காலையும் எழுந்து நின்றது. அதற்கு மறுநாளும். ஊரில் அதை 'கடல் எந்திரிக்கிற நேரம்' என்று சொல்லி, அதைப் பார்த்துத்தான் பால் கறக்கப் போனார்கள்.

அப்போதுதான் சவேரியாயி வந்தாள். ராமநாதபுரத்துப் பக்கம் நண்டுவலசை என்ற ஊர்க்காரி, மீன் விற்கிறவள், வெறும் கூடையைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினாள்.

"எங்க கடலு இங்கிட்டு வந்து கெடக்காம்ல? எங்கத்தா இருக்கு?"

டீக்கடையில் இருந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். பேரூராட்சித் தலைவரும் இருந்தார். "ஏனுங்க, உங்க கடல்னு எப்படிச் சொல்றீங்க? பேரு கீரு எழுதியிருக்குதா?"

"ஒங்க ஆட்டுக்கு நெத்தியில பேரு எழுதியா வச்சிருக்கீக?"

"ஆடு கூப்பிட்டா வருமுங்க."

சவேரியாயி கூடையைக் கீழே வைத்தாள். கரையில் நின்று, ஓடிப்போன மாட்டைக் கண்டுபிடித்தவள்போல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏ கூறுகெட்ட கழுத, எம்புட்டு நாளா தேடுறோம் ஒன்னைய!" என்று கத்தினாள். கடல் படுத்த வாக்கிலேயே நகர்ந்து வந்து அவள் கணுக்காலில் முகத்தை வைத்தது. அதற்குப் பிறகு யாரும் பேரைப் பற்றிக் கேட்கவில்லை.

அவள் குனிந்து ஒரு கை நீரை எடுத்து வாயில் விட்டாள். துப்பவில்லை. வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்துவிட்டு, "உப்பு கம்மியாயிருச்சே" என்றாள். "இங்கன இருந்தா இதுக்கு உப்பு ஊறாதுத்தா. மொத்த உப்பும் போயிருச்சுன்னா அப்புறம் இது கடலு இல்ல, கம்மாய். கம்மாய்க்கு நடக்கத் தெரியாது."

நண்டுவலசையில் படகுகள் காய்ந்த சேற்றில் சாய்ந்து கிடக்கின்றன என்றும், நண்டுகள் வளை வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கின்றன என்றும், ஆண்கள் செங்கல் சூளைக்குப் போய்விட்டார்கள் என்றும் என்னிடம் சொன்னாள். அழவில்லை. நான்தான் இந்தப் புத்தகத்தை எழுதினேன் என்று சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கூட்டியாறப்ப தெரிஞ்சுச்சுல்ல, கொண்டுபோயி விடத் தெரியாதா?"

"எழுதியிருக்கறேன் சவேரியாயி. வெட்டிட்டானுங்க."

"வெட்டுனவன் விரல ஒடிச்சு அடுப்புல வையி" என்றாள் அவள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

அவள் என் வீட்டிலேயே தங்கினாள். காலையில் கடல் எழுந்து நிற்கும்போது நாங்கள் இருவரும் கரையில் இருப்போம். வெட்டிய அத்தியாயத்தை நான் மனப்பாடமாகச் சொல்லிப் பார்த்தேன். கடல் காதைத் தூக்கிக் கேட்டது, பாதையைப் பார்த்தது, ஒருவரும் வராததால் படுத்துக்கொண்டது. பிறகு நான் துண்டை எடுத்து ஓர் அலையின் மேல் விரித்துக் கையை உள்ளே விட்டேன். குளிர்ந்த விரல்கள் வந்து என் நடு விரலைப் பிடித்து இரண்டு முறை இழுத்தன. எங்கள் சந்தையில் அதற்கு அர்த்தம், விலை பேசியவர் நேரில் வரட்டும், இடையில் இன்னொருவரோடு பேச்சில்லை என்பது. மாராயிதான் வர வேண்டும். மாராயி வர வேண்டுமென்றால், அவள் அந்தப் புத்தகத்தின் பக்கத்திலிருந்துதான் எழுந்து வர வேண்டும்.

உங்களுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, வாழ்த்துக்கள்! எங்க பார்த்தாலும் நம்ம கடல்தான் பேச்சு. ரெண்டாம் பதிப்பு போகுது."

"கடைசி அத்தியாயத்தோடயா?"

"அது எதுக்கும்மா? பிரிவெல்லாம் வேண்டாம், குழந்தைங்க அழுவாங்க. கடல் அங்கயே இருக்கிறது பாசிட்டிவ்வா இருக்கு."

"சார், ஆடு வித்துட்டுப் போற கொழந்தைய நீங்க பாத்திருக்கீங்களா? அழும். அழுதுட்டுக் கயித்தக் கையில குடுக்கும். குடுத்துட்டு நிமிந்து நடக்கும். அதுங்களுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியாது."

"எமோஷனல் ஆகாதீங்கம்மா" என்றீர்கள். நான் எமோஷனல் ஆகவில்லை, போனைத்தான் சுவரில் எறிந்தேன். நானே அந்த அத்தியாயத்தை உள்ளூர் அச்சகத்தில் அடிக்கப் போனபோது, என் காகிதத்துக்கு முன்னால் உங்கள் வக்கீல் நோட்டீஸ் அங்கே போயிருந்தது.

உள்ளூரிலும் எனக்கு ஆதரவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உப்புக் குறையக் குறைய ஊர் மகிழ்ந்தது. முதலில் குளிக்க ஆயிற்று, பிறகு துணி துவைக்க, பிறகு பருப்பு வேக. ஒருவர் மோட்டார் இறக்கித் தென்னங்கன்றுக்குப் பாய்ச்சினார். தலைவர் என் வீட்டுக்கே வந்து, "அக்கா, உங்க புண்ணியத்துல ஊருக்குத் தண்ணி வந்திருக்குது, அந்தக் கடைசி அத்தியாயத்த நீங்களே மறந்துருங்க" என்று கும்பிட்டார். அவரை நான் என்ன சொல்வது? எங்கள் ஊர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் குடம் தூக்கி நடந்த வழியெல்லாம் எனக்குத் தெரியும். அவர் போனதும் சவேரியாயி, "எங்கூர்லயும் குடத்தத்தான் தூக்குறோம்" என்று மட்டும் சொன்னாள்.

வாயைத் திறந்தவர் நாச்சிமுத்துதான். அதிர்ந்து பேசாத மனிதர். அவர் காட்டில்தான் கடல் கிடந்தது, இருந்தால் அதிக லாபம் அவருக்குத்தான். தென்னைக்குப் பாய்ச்சிய அன்று, சந்தை கூடியிருந்த நேரத்தில், துண்டைத் தோளிலிருந்து எடுத்து உதறிக்கொண்டு நடுவில் வந்து நின்றார்.

"கெட போட வந்த ஆட்ட அறுத்துத் திங்கற ஊருன்னு பேரு வேணுமா நமக்கு?"

"அது தண்ணிதானுங்க மாமா" என்றார் மோட்டார்காரர்.

"காலைல எந்திரிச்சு நிக்கிறதப் பாத்தயா? தண்ணி எந்திரிச்சு நிக்குமாடா? வந்தது வெரலப் புடிச்சுட்டு வந்திருக்குது. அனுப்பறப்ப அனுப்போணும். நாளைக்கு எவன்டா நம்ம சந்தைல துண்டுக்குள்ள கை உடுவான்?"

ஆட்டுச் சந்தையில் பிழைக்கிற ஊருக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. மோட்டார் மேலே ஏறியது. கொஞ்ச நாளில் படியைப் பெயர்த்தார்கள், வரப்பைப் பாதைப் பக்கம் உடைத்து வழி விட்டார்கள். தலைவர் வரவில்லை, ஆனால் மண்வெட்டியை அனுப்பினார். பிள்ளைகள் கடைசிக் குதி என்று சொல்லிச் சொல்லித் தினமும் குதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடல் இப்போது காலையில் எழுந்து நிற்க நேரமாகிறது. முன்னங்காலை ஊன்றி, தள்ளாடி, பிறகுதான் நிமிர்கிறது. சில நாள் பாதி எழுந்து அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. இன்று காலையும் சவேரியாயி ஒரு கை அள்ளி வாயில் விட்டாள். நாக்கின் ஓரத்தில் மட்டும் தெரிகிறது என்றாள், நானும் குடித்துப் பார்த்தேன், எனக்கு அதுகூடத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிகிறவரை நேரம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

அதனால் புதிதாக எழுத வருகிறவர்களுக்கு என்னிடம் அறிவுரை ஒன்றும் இல்லை. உங்களுக்குத்தான் இருக்கிறது. ஊர் வழி விட்டுவிட்டது, இனி நீங்கள் ஒருவர்தான் குறுக்கே நிற்கிறீர்கள். ரெண்டாம் பதிப்பை நிறுத்துங்கள். உங்கள் வரியை எடுங்கள், என் அத்தியாயத்தை எடுத்த இடத்தில் வையுங்கள், ஒரு ஃபாரம் கூடினால் கூடட்டும், மிச்சப் பக்கங்கள் வெள்ளையாகப் போனால் குழந்தைகள் அதில் படம் வரைந்துகொள்ளும். முதல் பதிப்பை வாங்கிய குழந்தைகளுக்கும் அந்த அத்தியாயத்தைத் தனியாக அச்சடித்து அனுப்புங்கள், அவர்கள் எல்லோரும் படித்தாக வேண்டும். எனக்கு மன்னிப்புக் கடிதம் வேண்டாம், பாராட்டு விழா வேண்டாம், போனில் அம்மா அம்மா என்று கூப்பிடவும் வேண்டாம். அந்த நாக்கு ஓரத்து உப்பும் போவதற்கு முன்னால் அச்சடியுங்கள். மாராயியை வெளியே விடுங்கள்.